காற்றுத் தாங்கு கட்டடம்

தூணோ உத்திரமோ இன்றி, உள்ளே செலுத்தப்படும் காற்றின் அழுத்தத்தால் துணிக்கூரை நிமிர்ந்து நிற்கும் கட்டட வகை. துணியின் விளிம்பு அடித்தளத்தோடு இறுக்கிப் பிணைக்கப்படும். மின்விசிறிகள் ஓயாமல் இயங்கும். உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட சுமார் 0.3 விழுக்காடு கூடுதலாக இருந்தாலே போதும். உள்ளிருப்பவர்கள் அதை உணர்வதில்லை. காற்று வெளியேறாதிருக்கச் சுழல்கதவோ இரட்டைக் கதவோ அமைப்பார்கள்.

தோற்றம்

பிரிட்டன் பொறியாளர் பிரடெரிக் லான்செஸ்டர், போர்க்கள மருத்துவமனைகளுக்காக இத்தகைய கூடாரம் ஒன்றை வடிவமைத்து 1917இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஏற்ற துணி அப்போது இல்லாததால் அது கட்டப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரேடார் இத்தகைய கூரைக்கான தேவையைக் கொண்டுவந்தது. ஆண்டெனாவைக் காற்றிலிருந்தும் பனியிலிருந்தும் காக்க வேண்டும்; உலோகக் கூரையோ ரேடியோ அலைகளை மறிக்கும். அமெரிக்காவின் கார்னெல் வானூர்தி ஆய்வகத்தில் வால்டர் பேர்ட் 1948இல் சுமார் 15 மீட்டர் விட்டமுள்ள துணிக்குமிழை எழுப்பினார். 1962இல் டெல்ஸ்டார் செயற்கைக்கோளுக்காக மெய்ன் மாநிலத்தின் ஆண்டோவரில் அமைந்த குமிழின் விட்டம் 64 மீட்டர்.

அரங்குகளின் காலம்

அரைக்கோளக் குமிழ் அகலத்தோடு உயரத்திலும் வளர்வதால் காற்று அதைப் பலமாகத் தாக்கும். 1970 ஒசாகா உலகக் கண்காட்சியின் அமெரிக்க அரங்குக்கு டேவிட் கைகர் தாழ்ந்த கூரையை வடிவமைத்து, அதை எஃகு வடங்களால் கட்டுப்படுத்தினார். நீள்வட்டமான அந்தக் கூரையின் நீளம் சுமார் 142 மீட்டர், அகலம் 83 மீட்டர். அடுத்து வந்த டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி நெடுநாள் உழைத்தது. பகல் ஒளியையும் உள்ளே விட்டது. பான்டியாக் (1975), சிராக்யூஸ் (1980), மினியாபொலிஸ் (1982), வான்கூவர் (1983), டோக்கியோ (1988) ஆகிய நகரங்களில் பெரிய விளையாட்டரங்குகள் எழுந்தன.

பனியும் பின்வாங்கலும்

காற்றின் தாக்குதலைக் குறைத்த அதே தாழ்வில் பனி தங்கியது. பனி சேரும் இடம் குழிய, குழிவில் மேலும் பனியும் உருகிய நீரும் தேங்கி, இறுதியில் துணி கிழியும். பான்டியாக் கூரை 1985இலும் மினியாபொலிஸ் கூரை 2010 டிசம்பரிலும் இப்படிச் சரிந்தன. வான்கூவரும் சிராக்யூஸும் பின்னர் வேறு வகைக் கூரைக்கு மாறின. கைகரே விசிறி தேவைப்படாத வடக் குவிமாடத்துக்கு நகர்ந்தார். சியோல் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கு அவ்வகையைச் சேர்ந்தது. டோக்கியோ அரங்கு மட்டும் இன்றும் காற்றின் மீதே நிற்கிறது.

இன்றைய பயன்கள்

குளிர்காலத்தில் டென்னிஸ் களங்களையும் நீச்சல் குளங்களையும் மூடவும், கிடங்குகளாகவும் இவை பயன்படுகின்றன. தூண்களுக்கு அடித்தளம் தோண்ட வேண்டியதில்லை. பருவம் முடிந்ததும் மடித்து வைத்துவிடலாம். பெய்ஜிங்கில் காற்று மாசிலிருந்து மாணவர்களைக் காக்கும் விளையாட்டுக் கூடங்களாகவும் அமைந்துள்ளன. நிரந்தர அரங்குகளைவிட, தேவைக்கேற்ப எழுப்பி இறக்கும் இத்தகைய தற்காலிகக் கூரைகளிலேயே இந்த நுட்பம் இப்போது பரவலாக வழங்குகிறது.