கேப்டன் யார்?

நெய்வேலி டவுன்ஷிப் மைதானங்களிலும் சுற்றுவட்டக் கிராமங்களின் அறுவடை முடிந்த வயல்களிலும் ஞாயிறு விடிந்தால் கிரிக்கெட்தான். டென்னிஸ் பந்து, இரவல் மட்டை, பவுண்டரிக்கு ஒரு வரப்பு. இந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது தோழர்களே.

தலித் வீரர் பல்வங்கர் பாலூ, புனேயில் வெள்ளையர் கிளப்பின் ஆடுகளத்தைப் பராமரித்த தொழிலாளி. அங்கேயே இடக்கைச் சுழற்பந்து வீசிப் பழகினார். இந்து அணியில் சேர்ந்தபோது அவர் தொட்ட பந்தை உயர்சாதியினரும் தொட்டார்கள். தேநீரை மட்டும் அவருக்கு வெளியே நிறுத்தி மண்குவளையில் கொடுத்தார்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அப்போதும் கேப்டன் பதவி தரவில்லை. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து அணியிலிருந்து விலகினார்கள். அதன் பிறகே பாலூ துணைக் கேப்டன் ஆனார். 1923இல் விட்டல் கேப்டன் ஆனார், கோப்பையும் வந்தது.

நூறு ஆண்டுகள் கழித்து, 2024இல், ‘லப்பர் பந்து’ படமும் கிராமத்து கிரிக்கெட்டுக்குள் இருக்கும் சாதியைத்தான் பேசியது. ஆக, அடுத்த ஞாயிறு டாஸ் போடும்போது கவனியுங்கள். விக்கெட் எடுக்கக் காலனிப் பையனைக் கூப்பிடுகிறார்கள். கேப்டனாக்குகிறார்களா?