விக்ராந்த்: நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த கப்பல்

பதிவு கொஞ்சம் நீளம். நேரமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். என்னிடம் எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவர்கள் மட்டும் கடைசி வரை படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு திருத்தம் பாக்கி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பேரன் விடுமுறைக்குச் சேலையூர் வந்திருந்தான். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் எக்ஸிகியூட்டர் என்று ஒரு விண்வெளிப் போர்க்கப்பல் வருகிறதாம். அதன் நீளம், தளபதிகள், போன போர்கள், அழிந்த விதம் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். நீளம் 19 கிலோமீட்டர். வால் தாம்பரம் ஸ்டேஷனில் இருந்தால் மூக்கு மாம்பலத்தை எட்டிவிடும். அவ்வளவு பெரிய கப்பலின் கட்டளை மேடையில் ஒரே ஒரு சின்ன விமானம் மோதியதும் கட்டுப்பாடு இழந்து விழுந்து நொறுங்குகிறதாம். "சர்வீஸ் ஹிஸ்டரி தாத்தா" என்றான். அரசு ஊழியனான எனக்கு சர்வீஸ் ரிஜிஸ்டர் தெரியும். கப்பலுக்கும் உண்டு என்று தெரியும். இல்லாத கப்பலுக்கு ஒன்று இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"நம்ம நாட்டுக் கப்பல் ஒண்ணோட சர்வீஸ் ஹிஸ்டரி சொல்றேன், கேக்குறியா?" என்றேன். கேட்டான். சொல்லும்போதுதான் நான் வகுப்பில் சொன்னதில் எவ்வளவு பிழை என்று உறைத்தது.

கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். விக்ராந்த். பிறந்தபோது அது நம் கப்பல் இல்லை. இரண்டாம் உலகப் போருக்காக 1943இல் பிரிட்டனில் 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் கட்டத் தொடங்கினார்கள். நீரில் இறக்கிய நாள் 22 செப்டம்பர் 1945. அதற்குள் போரே முடிந்துவிட்டது. பாதி வேலையோடு பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1957இல் இந்தியா வாங்கி, பெல்ஃபாஸ்ட் நகரில் மீதி வேலையை முடித்தது. 4 மார்ச் 1961 அன்று நம் கடற்படையில் சேர்ந்தபோது, லண்டனில் நம் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் விழாவுக்கு வந்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் பம்பாய் வந்து சேர்ந்தது. வரவேற்றவர் நேரு.

நீளம் 213 மீட்டர். நம் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் 9 பெட்டி வண்டியைவிடக் கொஞ்சம் அதிகம், 12 பெட்டி வண்டியைவிடக் குறைவு. 19 கிலோமீட்டர் கேட்ட பையனுக்கு இது சப்பென்று இருந்திருக்கும். ஆனால் முழுச் சுமையோடு 19,500 டன் எடையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களையும் விமானங்களையும் ஏற்றிக்கொண்டு கடலில் நகரும் ரயில் அது. ஆசியாவில் அன்று அப்படி ஒன்றை வைத்திருந்த நாடுகள் அதிகம் இல்லை.

1965 போரில் அது ஒன்றும் செய்யவில்லை. பழுதுபார்ப்புக்காக பம்பாயில் நின்றிருந்தது. அந்தச் சமயத்தில்தான் விக்ராந்தை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பு சொல்லிக்கொண்டது. நின்ற இடத்தைவிட்டு நகராத கப்பல் மூழ்கிவிட்டதாகச் செய்தி! அந்தக் கப்பலின் பெயருக்கும் அதன் உடம்புக்கும் அப்போதே சம்பந்தம் விட்டுப்போயிருந்தது போலும்.

இனி 1971. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நிற்கும். விக்ராந்த் என்ற பெயர் வந்தால் நாங்கள் பையன்கள் கைதட்டுவோம். அந்தக் கைதட்டலைத்தான் முப்பது வருடம் வகுப்பில் பாடமாக நடத்தினேன். யானை போன்ற கப்பல், வங்கக் கடலில் இறங்கியது, எதிரி ஓடினான். இதுதான் என் பாடம்.

உண்மையில் அந்த யானைக்குக் கால் நோவு. 1970இல் அதன் கொதிகலன்களில் விரிசல் கண்டுபிடித்தார்கள். கொதிகலன் என்பது அந்தக் கப்பலுக்கு அடுப்பு மாதிரி. ஆவி அங்கேதான் உண்டாகும், கப்பலை நகர்த்துவதும் அந்த ஆவிதான். மேல்தளத்தில் விமானத்தை உண்டிவில் போலத் தெறித்து விடுகிற கருவிக்கும் அதே ஆவிதான் வேண்டும். மாற்று உறுப்பு இங்கே கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். நான்கு கொதிகலன்களில் ஒன்றை அடைத்துவிட்டு மற்ற மூன்றையும் பயந்து பயந்து எரித்தார்கள். மணிக்கு 24 கடல் மைலுக்கு மேல் ஓடவேண்டிய கப்பல் சுமார் 16இல் நின்றது.

அதனால் என்ன என்று கேட்கலாம். பட்டம் விடும் பையன் காற்றை எதிர்த்து ஓடுவான் இல்லையா? விமானந்தாங்கியும் அப்படித்தான், விமானம் எழும்பும்போது காற்றுக்கு எதிராக வேகமாக ஓடவேண்டும். அப்போதுதான் குறுகிய தளத்திலிருந்து விமானம் மேலே ஏறும். ஓட முடியாத கப்பல், கடவுள் விடும் காற்றை நம்பித்தான் இருக்கவேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மெதுவாகப் போகும் பெரிய கப்பல் நீர்மூழ்கிக்கு லட்டு.

அந்த நீர்மூழ்கியும் வந்தது. பெயர் காஜி. 1944இல் அமெரிக்காவில் 'டயாப்லோ' என்ற பெயரில் நீரில் இறக்கப்பட்டு, 1960களில் பாகிஸ்தானுக்குக் கொடுக்கப்பட்டது. கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக் கடல் வரை வந்து போகும் தெம்பு பாகிஸ்தானிடம் இருந்த நீர்மூழ்கிகளில் இது ஒன்றுக்குத்தான். 14 நவம்பர் 1971 அன்று கராச்சியைவிட்டுக் கிளம்பியது. தேடி வந்தது விக்ராந்தை.

கிழக்குக் கடற்படைத் தளபதியாக விசாகப்பட்டினத்தில் இருந்தவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். (நம் பாடப்புத்தகங்களில் இவருக்கு ஒரு பத்தி கொடுத்தால் என்ன என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.) சிட்டகாங்கில் இருந்த பாகிஸ்தான் கடற்படைக்குப் போன ஒரு செய்தி இடைமறித்துக் கேட்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் கிடைக்குமா என்று விசாரிக்கும் சாதாரணச் செய்தி. ஆனால் அந்த எண்ணெய் நீர்மூழ்கிக்கும் கண்ணிவெடி அகற்றும் கப்பலுக்கும்தான் பயன்படும். நீர்மூழ்கி வருகிறது என்று அதை வைத்தே ஊகித்தார்கள்.

விக்ராந்தை அந்தமான் தீவுகளில் ஆளில்லாத ஒரு நிறுத்தத்துக்கு ரகசியமாக அனுப்பிவிட்டார் கிருஷ்ணன். அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இங்கே ஒரு விக்ராந்தைக் கற்பனையாக உண்டாக்கினார்.

ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல் ஒன்று இருந்தது. நீளம் விக்ராந்தில் பாதி, ஓய்வுபெறும் வயது. அதைக் கடலுக்கு அனுப்பி, பெரிய கப்பல் ஒன்று இயங்கினால் எவ்வளவு கம்பியில்லாச் செய்திகள் பறக்குமோ அவ்வளவையும் அனுப்பச் செய்தார். ஒப்பந்ததாரர்களிடம் ஏராளமாக இறைச்சியும் காய்கறியும் கேட்கப்பட்டன. அவர்களில் சிலர் உளவு சொல்பவர்கள் என்பது தெரிந்தே. விக்ராந்தின் மாலுமி ஒருவர், நோயில் கிடக்கும் தாயின் நலம் விசாரிப்பது போல ஒரு தந்தி, சங்கேதம் இல்லாமல் பச்சையாகப் போனது. சென்னையில் இருந்த கடற்படைப் பொறுப்பு அதிகாரிக்குக் கிருஷ்ணனே தொலைபேசியில், விக்ராந்த் அங்கே வருகிறது, துறைமுகத்தில் இடம் வேண்டும், உணவுப் பொருள் வேண்டும் என்று விலாவாரியாகப் பேசினார். இதையெல்லாம் போனில் பேசுகிறாரே, இவருக்கு மூளை கலங்கிவிட்டதா என்று அந்த அதிகாரி திகைத்துப்போனாராம். கிருஷ்ணன் பின்னாளில் தன் நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்.

ஆக, 1971 நவம்பரில் நம் சென்னைத் துறைமுகம் வராத ஒரு கப்பலுக்காகக் காத்திருந்தது. சென்னைக்குக் கப்பல் பயம் புதிதல்ல. 22 செப்டம்பர் 1914 இரவு ஜெர்மனியின் எம்டன் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. அரை மணி நேரத்துக்கும் குறைவான வேலை. ஆனால் ஊர் காலியாகும் அளவுக்குப் பயம், தமிழில் ஒரு புதுச் சொல் வேறு. எங்கள் தலைமையாசிரியர் ஒருவரை நாங்கள் ஆசிரியர்களே 'எம்டன்' என்றுதான் சொல்வோம். தேதியைக் கவனித்தீர்களா? விக்ராந்த் நீரில் இறங்கியதும் செப்டம்பர் 22தான். தற்செயல்தான், வேறு அர்த்தம் தேடவேண்டாம்.

டிசம்பர் 3 மாலை போர் வெடித்தது. அன்று நள்ளிரவு தாண்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் பெரிய வெடிச்சத்தம். காஜி மூழ்கியது. உள்ளே இருந்த 93 பேரும் இறந்தார்கள்.

இங்கேதான் என் திருத்தம். "ராஜ்புத் குண்டு போட்டது, காஜி முடிந்தது" என்று கரும்பலகையில் படம் வரைந்து, சாக்பீஸால் குண்டு விழும் கோடு போட்டு நடத்தியவன் நான். பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன். நாலைந்து வருடம் முன்பு என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கடற்படையில் பதினைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். காபி குடித்து முடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. காஜி விஷயம் நீங்க சொன்ன அளவுக்கு உறுதி கிடையாது" என்றார்.

அவர் சொன்னது சரி. ராஜ்புத் துறைமுகத்தைவிட்டு வெளியே வரும்போது நீரில் சலனம் கண்டு, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டது உண்மை. நம் தரப்பு அதையே காரணமாகச் சொல்கிறது. காஜி தான் விதைத்த கண்ணிவெடியிலேயே சிக்கியிருக்கலாம், அல்லது உள்ளேயே வெடித்திருக்கலாம் என்பது பாகிஸ்தான் தரப்பு. உள்ளே ஏதோ வெடித்தது என்று கருதுபவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. சாட்சி சொல்லக்கூடிய 93 பேரும் கடலடியில். 2017இல் வந்த 'காஜி' சினிமாவில் நம் நீர்மூழ்கி ஒன்று கடலுக்கடியில் அதோடு சண்டை போடுகிறது. அது முழுக்கக் கதை, எந்தத் தரப்பும் அப்படிச் சொல்லவில்லை. நான் வகுப்பில் சொன்னது அந்த அளவு கட்டுக்கதை இல்லை. ஆனால் விவாதத்தில் இருந்த ஒன்றை முடிந்துபோன ஒன்றாகச் சொன்னேன். பதில் எழுதிய பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண்ணும், "உறுதியாகத் தெரியவில்லை" என்று யாராவது எழுதியிருந்தால் பூஜ்யமும் போட்டிருப்பேன்.

எது உறுதி? காஜி தேடி வந்த இடத்தில் விக்ராந்த் இல்லை. அது அந்தமான் பக்கம் இருந்தது. டிசம்பர் 4 முற்பகலில் அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்கின. அடுத்து சிட்டகாங். பிறகு குல்னா, மோங்லா. ஆலிஸே விமானங்களும் சேர்ந்துகொண்டன. கிழக்கு வங்கத்துக்குக் கடல்வழி அடைபட்டது. 16ஆம் தேதி டாக்காவில் சரணடைவு. கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், சீ ஹாக் படைப்பிரிவின் தலைவர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும் மகாவீர் சக்கரம். விரிசல் விட்ட கொதிகலனோடு இதைச் செய்தார்கள் என்பதை நான் வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. குறை சொன்னால் பிள்ளைகளுக்குப் பெருமை குறைந்துவிடும் என்று நினைத்தேன். பேரனிடம் சொன்னபோது நடந்ததே வேறு. அதுவரை போனைப் பார்த்துக்கொண்டே கேட்டவன், கொதிகலன் விரிசல் என்றதும்தான் நிமிர்ந்தான். "அப்புறம் எப்படி ஏரோப்ளேன் கிளம்புச்சு?" முப்பது வருடத்தில் எந்த மாணவனும் என்னிடம் கேட்காத கேள்வி. அவர்கள் கேட்கும்படி நான் நடத்தவில்லை.

மிச்சக் கதை சுருக்கம்தான். பிறகு சீ ஹாரியர் விமானங்கள் வந்தன. 31 ஜனவரி 1997 அன்று ஓய்வு. மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. உடம்பு இற்றுப்போனதால் 2012இல் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். 2014இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு உடைப்பதற்கு விற்றார்கள். தடுக்கக் கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 60 கோடி! இன்று நம் பக்கம் ஒரு அடுக்குமாடி வளாகத்துக்கு அதைவிட அதிகம் ஆகும். பெயர் மட்டும் மறுபடி பிழைத்தது. கொச்சியில் நாமே கட்டிய புது விக்ராந்த் 2 செப்டம்பர் 2022 அன்று சேவைக்கு வந்தது. நீளம் 262 மீட்டர். இது 12 பெட்டி ரயில்.

பழைய கப்பலின் இரும்பு கொஞ்சம் நம் தெருவிலும் ஓடுகிறது. 2016இல் பஜாஜ் நிறுவனம் விக்ராந்தின் உலோகத்தைச் சேர்த்து 'வி' என்ற மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. பேரனிடம் சொன்ன மறுநாள் கேம்ப் ரோடு சந்திப்பில் ஒரு கடை வாசலில் அந்த வண்டி நின்றது. பேரன் டேங்க்கின் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்காரத் தம்பி வெளியே வந்து, "என்ன சார், வண்டி வாங்குறீங்களா? கொடுக்கிற ஐடியாவுலதான் இருக்கேன்" என்றார். கப்பல் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா சார், எங்க மாமா வாங்கின வண்டி, எனக்குத் தெரியாது" என்று அவரும் ஒருமுறை டேங்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

கடற்படையில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்து, இதிலும் பிழை இருந்தால் சொல்லுங்கள். இன்னொரு முறை திருத்திக்கொள்கிறேன்.