மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் கையைப் பாதுகாப்பது எப்படி?

தெமட்டகொடையிலிருந்து மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கிளினிக் போய்வரும் பெண்களும், வடக்கு கிழக்கிலிருந்து வந்து கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களும் மார்பகச் சத்திரசிகிச்சை முடிந்த பின்னரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சத்திரசிகிச்சை நடந்த பக்கத்துக் கை.

ஏன் வீங்குகிறது?

புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று அறியவும் தடுக்கவும் கமக்கட்டிலுள்ள நிணநீர் முடிச்சுகளை வைத்தியர்கள் அகற்றுவார்கள். கையின் நிணநீர் வடிவதும் அந்த வழியால்தான். வழி குறைந்தால் நீர் தேங்கும். முடிச்சுகளைப் பெருமளவில் அகற்றியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கும், ஒருசிலவற்றை மட்டும் எடுத்தவர்களில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கும் வீக்கம் வருகிறது. கமக்கட்டுக்குக் கொடுக்கும் கதிர்ச்சிகிச்சையும் அதிக உடல் எடையும் ஆபத்தைக் கூட்டும். சத்திரசிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இது வரலாம்.

இது யானைக்கால் நோய் அல்ல. அது நுளம்பு பரப்பும் புழுவால் வருவது. இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என உலக சுகாதார அமைப்பு 2016இல் அறிவித்தது. கை வீக்கம் எவருக்கும் தொற்றாது.

என்ன செய்யலாம்?

தோலைக் காப்பதே முதல் வேலை. மீன் வெட்டும்போதும் தோட்ட வேலையின்போதும் கையுறை போடுங்கள். கீறலோ சூடோ பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவி மருந்திடுங்கள். நுளம்புக்கடியைச் சொறிய வேண்டாம்.

கையை அசைக்காமல் வைத்திருக்காதீர்கள். பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்யும் பயிற்சி வீக்கத்தை மோசமாக்குவதில்லை என 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இயன்மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

ஊசிக்கும் பிறஷர் பார்க்கவும் மற்றக் கையைக் கொடுங்கள். அவசரத்தில் இந்தக் கையில் குத்த நேர்ந்தாலும் பயப்பட வேண்டாம்.

போர்க் காயம் உள்ளவர்கள்

அதே கையிலோ தோளிலோ ஷெல் துண்டு அல்லது பழைய காயத் தழும்பு இருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள். அந்தக் காயம் நிணநீர் வழியை ஏற்கெனவே பாதித்திருக்கலாம். உடலில் எங்காவது உலோகத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னரும் சொல்லியே ஆகவேண்டும்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

மோதிரம், காப்பு, சட்டைக் கை இறுகினாலோ கை பாரமாக இருந்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள். மாதம் ஒருமுறை இரு கைகளையும் ஒரே இடத்தில் நாடாவால் அளந்து எழுதிவையுங்கள். வித்தியாசம் 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் காட்டுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். திடீரென வீங்கினாலும் அப்படியே.

வீட்டில் சுடு ஒத்தடம் கொடுப்பதும், எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், தாமாக நீர்க்குளிசை எடுப்பதும் உதவாது. மகரகமவோ தெல்லிப்பழையோ, உங்கள் கிளினிக்கில் கையை நீட்டிக் காட்டிக் கேளுங்கள். இந்த வீக்கம் முற்றாக மாறுவது அரிது. ஆனால் தொடக்கத்திலேயே கண்டால், அழுத்தக் கையுறையாலும் பயிற்சியாலும் கட்டுப்படுத்தலாம்.