மழைநீர் ஓரிடத்தான் ஆய்வு

மழைநீர் ஓரிடத்தான் ஆய்வு என்பது மழை, சுனை, நிலத்தடி நீர் ஆகியவற்றில் எடை மிகுந்த மூலக்கூறுகள் எவ்வளவு உள்ளன என்று அளந்து, அந்நீர் எங்கு, எப்போது பெய்த மழை என்பதைக் கண்டறியும் முறையாகும். டென்மார்க் நாட்டு அறிவியலாளர் வில்லி டான்ஸ்கார்ட் (1922–2011) இதற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். கொல்லிமலை போன்ற மலைகளில் ஒரு சுனைக்கு நீர் தரும் நிலம் எது என்று அறிய இம்முறை உதவும்.

தொடக்கம்

நீரில் ஏறத்தாழ 500 மூலக்கூறுகளுக்கு ஒன்றில், வழக்கமான ஆக்சிஜன்-16 க்குப் பதிலாக எடை கூடிய ஆக்சிஜன்-18 இருக்கும். 1952 ஜூன் மாதம் கோபன்ஹேகனில் கனமழை பெய்தபோது, டான்ஸ்கார்ட் காலி பீர் புட்டியில் புனலைச் செருகித் தம் தோட்டத்தில் மழைநீரைச் சேகரித்தார். ஒரே மழையிலும் நேரத்துக்கு நேரம் ஆக்சிஜன்-18 இன் அளவு மாறுவதை நிறை நிறமாலைமானி காட்டியது. பின்னர் பல நாடுகளின் மழைநீரை ஆராய்ந்து, 1964 இல் விரிவான கட்டுரை வெளியிட்டார்.

இதனிடையே 1961 இல் அமெரிக்கரான ஹார்மன் கிரெய்க், மழைநீரிலுள்ள டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18 உம் ஒரே நேர்கோட்டுத் தொடர்பில் மாறுவதைக் காட்டினார். குளங்களில் ஆவியாகி எஞ்சிய நீர் அக்கோட்டிலிருந்து விலகிவிடும். அதே ஆண்டில் பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் இணைந்து நடத்தும் மழைநீர் மாதிரி வலையமைப்பு செயல்படத் தொடங்கியது. புது தில்லி, மும்பை மழையும் அதில் அளக்கப்பட்டது.

உயர விளைவு

ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. எடை மிகுந்த மூலக்கூறுகள் முந்திக்கொண்டு இறங்குவதால், மேலே செல்லும் ஈரத்தில் அவற்றின் பங்கு குறைகிறது. பொதுவாக 100 மீட்டர் உயரத்துக்கு ஆக்சிஜன்-18 இன் அளவு ஆயிரத்துக்கு 0.15 முதல் 0.5 பங்கு வரை குறையும்.

கொல்லிமலை

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது; 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுடையது. மேற்கண்ட அளவின்படி, 1000 மீட்டர் உயர வேறுபாட்டுக்கு ஆயிரத்துக்கு 1.5 முதல் 5 பங்கு வரை மாற்றம் தோன்றக்கூடும். ஆய்வகக் கருவிகள் 0.1 அளவிலான வேறுபாட்டையே காட்டவல்லவை.

எனினும் இங்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்கின்றன. கோழிக்கோட்டில் நடந்த அளவீடுகளில் வடகிழக்குப் பருவமழையில் ஆக்சிஜன்-18 குறைவாகக் காணப்பட்டது. ஆகவே ஒரு சுனையின் நீரில் அது குறைந்திருந்தால், அந்நீர் உச்சியில் பெய்த மழையாகவும் இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, அடிவாரம், சரிவு, உச்சி என மூன்று இடங்களிலும் ஆண்டு முழுவதும் மாதந்தோறும் மழைநீரைச் சேகரித்து அளக்க வேண்டும்.

கொல்லிமலையின் அய்யாறு ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியே திருச்சிராப்பள்ளி மாவட்டச் சமவெளிக்குச் செல்கிறது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கீழே உள்ள உழவர்களுக்கும் இம்மலையின் நீர் வேண்டும். இம்மலையில் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டதும் உண்டு. ஒரு சுனைக்கு நீர் தரும் மேட்டுநிலம் எதுவென்று தெரிந்தால், அங்கே சுரங்கம் வெட்டலாமா, காட்டை அப்படியே விடலாமா என்ற பேச்சு எழும்போது ஊராரின் கையில் ஓர் அளவீடு இருக்கும்.