அன்ரன் முத்துக்குமாரு

இலங்கை இராணுவத்தின் முதலாவது சுதேசத் தளபதி, ஒரு தமிழர். 1908இல் பிறந்தவர், ஒக்ஸ்போர்ட்டில் படித்த சட்டத்தரணி. தொண்டர் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் கண்டியில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகத்தைக் காத்த படையணிக்குத் தலைமை தாங்கினார்.

1949 ஒக்டோபர் 10இல் இராணுவம் உருவானபோது தலைமை ஆங்கிலேயரிடமே இருந்தது. கெய்த்னஸ் பிரபு, பின்னர் பிரான்சிஸ் ரீட். 1955 பெப்ரவரியில் முத்துக்குமாரு பொறுப்பேற்றார். மறுஆண்டே தனிச் சிங்களச் சட்டம், 1958இல் இனக்கலவரம். தமிழர் ஒருவர் இராணுவத்தை வழிநடத்திய காலம் இதுதான் என்பது இன்று யாழ்ப்பாணத்தில் பலருக்கு நம்பமுடியாத செய்தி.

1959 இறுதியில் ஓய்வுபெற்று இராஜதந்திரியாகப் பணியாற்றினார். 1987இல் இலங்கையின் இராணுவ வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 2001இல் காலமானார். அவருக்குப்பின் எந்தத் தமிழரும் இராணுவத் தளபதிப் பதவிக்கு வரவில்லை.