கால இயந்திரத்தில் ஏறி வந்த விமானிகள்

காலப் பயணம் என்றதும் இன்றைய மாணவர்களுக்கு 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016) என்று சினிமாப் படங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் தலைமுறைக்கு எச்.ஜி. வெல்ஸ். அவருடைய 'கால இயந்திரம்' நாவல் 1895ல் வெளிவந்தது. அன்று உலகில் எஞ்சின் வைத்த விமானம் எதுவும் வெற்றிகரமாகப் பறந்ததில்லை. ஜெர்மனியில் ஓட்டோ லிலியன்தால் இறக்கை கட்டிக்கொண்டு குன்றிலிருந்து மிதந்து இறங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு, காலப் பயணக் கதை எழுதுபவர்களுக்கு ஆரம்பகால விமானிகள் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. காரணம் எளிது. மேகத்துக்குள் போனவன் எங்கே வெளியே வருவான் என்று யாருக்குத் தெரியும்? 1960ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கடைசிப் பறத்தல்' என்ற கதையைப் பாருங்கள். முதல் உலகப் போர் விமானி ஒருவன் சண்டையில் நண்பனைத் தவிக்க விட்டு ஓடுகிறான். 1917ல் மேகத்துக்குள் நுழைந்தவன் 1959ல் பிரான்சிலுள்ள ஓர் அமெரிக்க விமானத் தளத்தில் வந்து இறங்குகிறான்! நண்பன் உயிரோடிருப்பதை அறிந்ததும், அவனைக் காப்பாற்றத் திரும்பிப் போகிறான். போனவன் உயிரோடு வரவில்லை. ஆனால் அவன் விட்டுப்போன அடையாள அட்டை அந்த நண்பன் கைக்கு வந்து சேருகிறது. கதை நம்பும்படி ஆவது அந்த ஒரு அட்டையால்தான்.

1937 ஜூனில் கராச்சி, கல்கத்தா வழியாக உலகைச் சுற்றப் பறந்து, ஜூலை 2ஆம் தேதி பசிபிக் கடலில் காணாமற்போன அமெலியா இயர்ஹார்ட்டையும் கதைக்காரர்கள் விடவில்லை. 1995ல் வந்த ஒரு 'ஸ்டார் டிரெக்' தொடர்க் கதையில், அவர் உறங்க வைக்கப்பட்டு, சில நூற்றாண்டுகள் கழித்துக் கண் விழிக்கிறார்.

கதையில் அடையாள அட்டை போதும். வரலாற்றுக்கு என்ன வேணும்? சாட்சி வேணும்!

வெல்ஸின் நாவல் வந்த அதே 1895ல், பம்பாய் சௌபாத்தி கடற்கரையில் சிவ்கர் பாபுஜி தல்பதே ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. 2015ல் இந்தியில் சினிமாவும் எடுத்தார்கள். ஆனால் பார்த்தவர் யாரும் அன்றே எழுதிவைத்த நம்பத்தக்க ஏடு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தப் பேச்சோடு சேர்த்துச் சொல்லப்படும் 'வைமானிக சாஸ்திரம்' நூலை 1974ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் ஐவர் ஆராய்ந்தார்கள். அது பழைய நூலல்ல, 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதிலுள்ள விமானங்கள் பறக்கவும் மாட்டா என்று முடிவு சொன்னார்கள்.

அதே சமயம், நம்ம சென்னையில் 1910ல் ஓட்டல் முதலாளி ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் தாமே திட்டமிட்ட விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியில் கட்டி, பறந்தும் காட்டினார். இதற்குச் சான்று உண்டு. ஆனாலும் அவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி ரைட் சகோதரர்களைப் பாருங்க. 1903 டிசம்பர் 17, அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே கடலோர மணல்மேடு. முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. அருகில் நின்றவர்கள் ஐந்தே பேர். அதில் மூவர் கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்றும் கடலோர நிலைய ஊழியர்கள். ஒருவர் மர வியாபாரி, ஒருவன் ஊர்ப் பையன். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் அந்த நிலைய ஊழியர் ஜான் டேனியல்ஸ். கேமரா அவருக்குப் பழக்கமே இல்லை. நம்ம கடற்கரையில் நிற்கிற ஆட்களைப் போன்றவர்கள்தான், மக்களே! அவர்கள் பார்த்ததாலும் பதிந்ததாலும்தான் அந்த நாள் வரலாறானது.

இனயத்துக்கும் வானம் தூரமில்லை. நம்ம ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1935ல், டாட்டாவின் தபால் விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. 1963 நவம்பர் 21 மாலை, நம்மைப் போன்றே மீனவ ஊரான தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்காக அங்குள்ள மக்கள் தங்கள் மாதா கோயிலையும் குடியிருப்பையும் விட்டுக் கொடுத்தார்கள். ராக்கெட் உயரத்தில் விட்ட சோடியம் ஆவி மாலை வானத்தில் ஒளிர்ந்தது. நம்ம கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த யாராவது அதைப் பார்த்திருக்கலாம். அன்று பத்து வயசுப் பிள்ளை இன்று எழுபதைத் தாண்டியவர்.

அந்த மாலைக்குத் திரும்பிப் போக நமக்கு இயந்திரம் இல்லை. பெரியவங்க இருக்காங்க. ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்த விடுமுறையில் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அந்த மாலை வானத்தில் என்ன கண்டீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை அப்படியே, தேதியோடும் பெயரோடும் எழுதி வையுங்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்த மலரில் அதற்கு நாலு பக்கம் ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.