மதுரையில் ஆங்கில இலக்கியக் கல்வி

மதுரையில் ஆங்கில இலக்கியக் கல்வி மிஷனரிகள் வழியே வேரூன்றியது. 1881இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி பின்னர் கோரிப்பாளையம் பக்கம் இடம் மாறியது. 1948இல் லேடி டோக் கல்லூரியும், 1949இல் தியாகராசர் கல்லூரியும், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமும் வந்தன. ஆனால் இத்துறைக்கு மதுரைக்கே உரிய முகம் கிடைத்தது பிரிட்டிஷ் பாடத்திட்டத்தால் அல்ல. இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றின் பக்கம் அது திரும்பியதால்தான். 1985இல் அமெரிக்கன் கல்லூரியில் பேராசிரியர் பால் லவ் முன்னின்று அமைத்த ‘சைலெட்’ ஆய்வு மையம், இந்திய ஆங்கில எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்குமென்றே தனி நூலகம் திரட்டியது. 1988 முதல் அங்கிருந்து வெளியான ‘காவ்ய பாரதி’ கவிதைக்கான இதழ். படிக்கும் இடமே பதிப்பிக்கும் இடமாகவும் ஆனது சிறிய சங்கதியல்ல.

வகுப்பில் இந்திய ஆங்கில எழுத்தை முதலில் வைக்கலாம் என்றால், ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் ஓரங்கட்டினால் அடித்தளம் ஆட்டம் காணும் என்பார்கள். அவர்களைக் கைவிடச் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறோம். ஏ.கே. ராமானுஜனின் வைகை பற்றிய ஆங்கிலக் கவிதை (1966இல் வந்த தொகுப்பில் உள்ளது) வெள்ளத்தைப் பாடிவிட்டு அதில் மாண்டவர்களை மறந்த கவிஞர்களைக் கேள்வி கேட்கிறது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ தமிழ்வழியில் படித்து வரும் மாணவருக்கு ஆறு தெரியும், கோடையில் அதன் மணலும் தெரியும். மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். இங்கிலாந்தின் வசந்தத்தைப் பாடும் கவிதையோ மொழியையும் சூழலையும் ஒருசேரச் சுமத்துகிறது. தேர்வுக்கு ‘நோட்ஸ்’ மனப்பாடம் செய்யும் பழக்கம் எந்தப் பாடநூலிலும் தொடரும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. சொந்தமாக எழுதவைக்கும் கேள்விகள் வினாத்தாளில் இல்லாதவரை, பாடநூல் மாற்றம் பாதி வேலைதான்.